மதிலேறி வரும் சீந்தில்: வெட்டுவதா, வைத்துக்கொள்வதா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். நாம் விதை போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. எங்கிருந்தோ ஒரு கொடி வந்து மதில் சுவரைப் பிடித்து, வேப்ப மரத்தில் ஏறி, மொட்டை மாடிக் கைப்பிடி வரை வந்திருக்கும். இதய வடிவில் பச்சைப் பசேல் என்ற இலைகள். உயரத்திலிருந்து நூல் நூலாகத் தொங்கும் வேர்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் கொஞ்சம் மண்தரை உள்ள வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பக்கத்தில் ஒரு காலி மனையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

அதுதான் சீந்தில். நம் மண்ணுக்கே உரிய கொடி. அமிர்தவல்லி என்றும் சொல்வார்கள். வடக்கே கிலோய். தாவரவியல் பெயர் டைனோஸ்போரா கார்டிஃபோலியா. பின்பாதிப் பெயருக்கு இதய வடிவ இலை என்று பொருள்.

இந்தக் கொடியைப் பார்த்ததும் சிலர் அரிவாளை எடுக்கிறார்கள். சிலர் கஷாயப் பாத்திரத்தை எடுக்கிறார்கள். இரண்டுக்குமே கொஞ்சம் பொறுங்கள். முதலில் அது என்ன கொடி என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். அடையாளம் தெரியாமல் வெட்டினால் வேலை வீணாகும், அவ்வளவுதான். அடையாளம் தெரியாமல் குடித்தால் உடம்பு கெடும்.

சாகாத கொடி

ராமாயணப் போரில் மாண்ட வானரங்களை எழுப்ப இந்திரன் அமிர்தம் தெளித்தானாம். அந்தத் துளிகள் விழுந்த இடத்தில் முளைத்தது சீந்தில் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கொடியின் குணத்துக்கு அது பொருத்தம்தான். அடியில் வெட்டிவிட்டு, "போயிற்று சனியன்" என்று நாம் உள்ளே போய்விடுவோம். மேலே மரத்தில் இருக்கும் தண்டு சதைப்பற்றானது. உள்ளே நீர் சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டே உயிரோடு இருந்து, மெல்லிய நூல் போன்ற வேர்களைக் கீழே இறக்கும். இருபது, முப்பது அடி உயரத்திலிருந்துகூட அந்த நூல் இறங்கி வந்து மண்ணைத் தொட்டுவிடும். தொட்டதும் வேர் பிடித்து, நாளடைவில் புதுத் தண்டாகத் தடித்துவிடும்.

எங்கள் வீட்டு வேம்பில் ஏறிய கொடியை என் மாமியார் அப்படிக் காட்டியதுண்டு. "பாரும்மா, இது கீழே இருந்து மேலே போகல, மேலே இருந்து கீழே வருது" என்பார். அன்று வேடிக்கையாக இருந்தது. கொடியை எடுக்கிற முறை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

சீந்தில் புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரத்தை ஏணியாகத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் உச்சியில் போய்ப் போர்வை மாதிரி மூடிக்கொண்டால் மரத்தின் இலைக்கு வெயில் கிடைக்காது. கொடியின் பாரமும் சேர்ந்துகொள்ளும். புயலடிக்கும்போது, கொடி மூடிய கிளை காற்றை இன்னும் அதிகமாக வாங்கும். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் சென்னையிலும் நம் புறநகரிலும் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று நமக்குத் தெரியும். ஆகவே முருங்கை போல எளிதில் முறியும் மரத்தில் சீந்திலை ஏறவிடாமல் இருப்பது நல்லது.

பழ மரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பழத்தை இரவில் துளைத்துச் சாறு குடிக்கும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் புழு தின்று வளர்வது சீந்தில், கட்டுக்கொடி போன்ற கொடிகளின் இலையைத்தான். இதனால்தான் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அருகில் சீந்திலை விடாதீர்கள் என்று விவசாய விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மாதுளையும் சாத்துக்குடியும் ஓட்டை விழுந்து உதிர்கிறதென்றால் பக்கத்து வேலியையும் ஒரு பார்வை பாருங்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெற்றிலையும் இதய வடிவம்தான், வேலிப்பருத்தியும் இதய வடிவம்தான். கீழ்க்கண்ட எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

1. முற்றிய தண்டின் மேல்தோல் மெல்லிய காகிதம் போல, வெங்காயச் சருகு போல உரிந்து வரும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே நல்ல பச்சை தெரியும்.

2. தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கோடுகள் இருக்கும்.

3. இலை ஒன்றுவிட்டு ஒன்றாக, மாற்றி மாற்றி இருக்கும். எதிரெதிரே ஜோடியாக இருக்காது. இலைக்காம்பு நீளம். காம்பின் அடி கொஞ்சம் தடித்து, முறுக்கினாற்போல் இருக்கும்.

4. இலையைக் கிள்ளினால் பால் வராது.

5. சுருள் கம்பி கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும்.

6. கிளையிலிருந்து நூல் வேர் தொங்கும்.

7. கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிப் பூக்கள் சரமாக வரும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் பட்டாணி அளவில் காய்த்து, பழுத்தால் சிவப்பாகும். பறவைகள் பழத்தைத் தின்று விதையை அங்கங்கே போட்டுவிடும். நம் வீட்டுக்குக் கொடி வந்து சேரும் வழிகளில் அதுவும் ஒன்று.

வேலியில் இருக்கும் மற்ற கொடிகள்

வேலியில் படரும் வேறு சில கொடிகளையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் விளையாடும் இடமல்லவா?

வேலிப்பருத்தி: உத்தாமணி என்பதும் இதுதான். இலை சீந்திலைப் போலவே இருக்கும். ஆனால் ஜோடி ஜோடியாக வரும், தொட்டால் மென்மையான ரோமம் தெரியும், கிள்ளினால் பால் வடியும். காயின் மேல் மெல்லிய முள் இருக்கும். வெடித்தால் பஞ்சு பறக்கும்.

கோவை: ஐந்து மூலை இலை, சுருள் கம்பி, வெள்ளைப் பூ, சிவந்த பழம். இதில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

கட்டுக்கொடி: சீந்திலுக்கு உறவு. சிறிய இலை, வெல்வெட் மாதிரி ரோமம். இலையைத் தண்ணீரில் கசக்கி வைத்தால் ஜெல்லி போல உறைந்துவிடும்.

கருடக்கொடி: ஈஸ்வரமூலி என்பார்கள். நீண்ட இலை. காய் வெடித்தால் குட்டிக் கூடை கவிழ்ந்து தொங்குவது போல இருக்கும். இதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கைவைத்தியம் என்று இதைத் தொடவே வேண்டாம்.

குண்டுமணி: புளிய இலை போலச் சிற்றிலைகள். கறுப்புக் கண்ணோடு சிவந்த மணி. பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்ததும் இதில்தான். மணியைக் கடித்து மென்றுவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்தக் கொடி வேண்டவே வேண்டாம்.

கண்வலிக் கிழங்கு: நம் மாநில மலரான செங்காந்தள்தான். இலையின் நுனியே சுருண்டு பிடித்து ஏறும். பூவை ரசியுங்கள். கிழங்கு கடும் விஷம். கொடிவள்ளிக் கிழங்கு என்று நினைத்து யாரும் தோண்டிச் சமைத்துவிடக் கூடாது.

இவற்றில் எதையாவது குழந்தை வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மீதியிருக்கும் விதையையோ இலையையோ கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

கஷாயம் வைப்பதற்கு முன்

சீந்திலுக்குச் சித்த வைத்தியத்தில் பெரிய இடம் உண்டு. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் கொடுப்பார்கள். தண்டை இடித்து, நீரில் கரைத்து, அடியில் படியும் மாவை எடுப்பதுதான் சீந்தில் சர்க்கரை. பெயர்தான் சர்க்கரை. கொடியோ வேம்போடு போட்டி போடும் கசப்பு! 2020-ல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் கொடுத்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் "எதிர்ப்புச் சக்தி வளரும், தினமும் குடியுங்கள்" என்று செல்போனில் செய்தி மேல் செய்தியாக வந்தது. 2021 மே மாதம், இரண்டாம் அலை. எங்கள் தெருவில் ஓர் இளம் தாய், ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரர் காலி மனையிலிருந்து ஒரு கட்டுக் கொடி அறுத்து வந்திருந்தார். அடுப்பில் வைக்குமுன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, இது சீந்தில்தானே? கொஞ்சம் பாருங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். இலை ஜோடியாக இருந்தது. ஒன்றைக் கிள்ளினேன். வெள்ளையாகப் பால் வந்தது. "இது வேலிப்பருத்தி கண்ணு. கீழே வை, கையைக் கழுவு" என்றேன். முகம் வெளுத்துப் போய், "குழந்தைக்குப் பால் கொடுக்கிறேனே அக்கா" என்றாள். "சீந்திலே ஆனாலும் நீ டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் பயமுறுத்தவில்லை. 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதித்து மருத்துவர்களிடம் வந்தார்கள். அனைவரும் சீந்தில் சாப்பிட்டு வந்தவர்கள். இந்த விவரம் 2021-ல் மருத்துவ இதழில் வெளியானது. 2022-ல் வந்த இன்னோர் ஆய்வு, நாட்டின் பதின்மூன்று மருத்துவ மையங்களில் இப்படிப் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றிச் சொன்னது. பெரும்பாலோர் நிறுத்தியதும் தேறினார்கள். சிலரை இழக்கவும் நேர்ந்தது. நம் எதிர்ப்புச் சக்தியே நம் ஈரலைத் தாக்கும் ஒரு வகை நோய் உண்டு. அது உள்ளே மறைந்திருப்பவர்களுக்குச் சீந்தில் அதைக் கிளறிவிடுகிறது என்பது அந்த மருத்துவர்கள் கூறும் காரணம்.

மத்திய ஆயுஷ் அமைச்சகம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சரியான சீந்தில் பாதுகாப்பானது, டைனோஸ்போரா கிரிஸ்பா என்ற ஒன்றுவிட்ட சகோதரியைச் சீந்தில் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கலாம் என்று 2021-லும் 2022-லும் அறிக்கை கொடுத்தது. இந்தச் சகோதரியின் தண்டில் பரு மாதிரி முண்டும் முடிச்சும் நிறைய இருக்கும். அது ஈரலைக் கெடுக்கும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

பெரியவர்கள் வாதாடட்டும். இல்லத்தரசிகளான நமக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். மதிலில் வளர்ந்ததை நாமே பறித்து, நாமே அளவு வைத்து, மாதக்கணக்கில் குடிக்கக் கூடாது. முக்கியமாக,

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள்;

ஈரல் கோளாறு, மஞ்சள் காமாலை வந்தவர்கள்;

தைராய்டு, மூட்டுவாதம், சோரியாசிஸ் போன்றவற்றில் ஆட்டோ இம்யூன் வகை உள்ளவர்கள்;

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் (சீந்திலும் சர்க்கரையைக் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் வரலாம்)

இவர்களெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். ஏற்கெனவே குடித்து வருபவருக்குப் பசி இல்லாமல் போவது, வாந்தி, உடம்பு அரிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாவது, கண் மஞ்சளிப்பது என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். "என்ன குடித்தீர்கள்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. பல்லாவரத்திலிருந்து ரயிலில் இரண்டாவது நிறுத்தமான தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லிருந்து இயங்குகிறது. சித்த மருந்துதான் வேண்டும் என்பவர்கள் அங்கே போய்க் காட்டி, படித்த மருத்துவர் எழுதிக் கொடுப்பதை அளவோடு சாப்பிடலாமே!

கொடியை எடுப்பது எப்படி?

சீந்தில் என்று நிச்சயமாகிவிட்டது, மரத்தை விட்டு எடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

முதலில் மேலே பாருங்கள். கொடி கரண்ட் கம்பியையோ, கம்பத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதில் கையே வைக்காதீர்கள். ஈரக் கொடியில் மின்சாரம் பாயும். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்தி அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

கம்பி இல்லையென்றால், தரையை ஒட்டி ஒரு வெட்டு, உங்கள் தலை உயரத்தில் ஒரு வெட்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள துண்டை அப்புறப்படுத்துங்கள். ஒரே தண்டுதான் என்று எண்ணிவிடாதீர்கள். மரத்தைச் சுற்றி வந்து, இறங்கி வேர்விட்ட எல்லாத் தண்டுகளையும் இப்படியே செய்ய வேண்டும்.

மேலே உள்ளதைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளை முறியும், தலையில் பாம்போ, எறும்புக் கூடோ விழலாம். அப்படியே விடுங்கள். உடனே வாடாது. சில மாதம்கூடப் பச்சையாகவே நிற்கும். அந்த நாட்களில்தான் நமக்கு வேலை. வாரம் ஒருமுறை, பெருக்கப் போகும்போது நிமிர்ந்து பாருங்கள். நூல் வேர் இறங்குகிறதா? தரையைத் தொடுமுன் எட்டிய மட்டும் அறுத்துவிடுங்கள். நான்கைந்து மாதம் விடாமல் செய்தால் சேமிப்பு தீர்ந்து, காய்ந்து, தானே உதிரத் தொடங்கும். மார்கழிக்குப் பிறகு வெட்டினால் பின்னாலேயே வெயில் வந்து நமக்கு உதவி செய்யும். மழைக்கு முன் வெட்டினால் கொடிக்குத்தான் உதவி!

அடியில் மண்ணைத் தோண்டி வேர்க்கட்டையை எடுத்துவிடுங்கள். மழை பெய்து மண் இளகிய மறுநாள் சுலபமாக வரும்.

அறுத்த தண்டுகளைக் குப்பைக் குழியிலோ, காலி மனையிலோ போடக் கூடாது. விரல் நீளத் துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், முளைத்துவிடும். மொட்டை மாடியில் சிமெண்டுத் தரை மேல் பரப்பி, ஒடித்தால் படக்கென்று முறியும் வரை காய விடுங்கள். பிறகு மட்கவிடலாம்.

சிலர் வேரில் கல் உப்பு, மண்ணெண்ணெய், கொதிநீர் என்று ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். கொடி போவதற்கு முன் வேப்ப மரம் போய்விடும். பக்கத்தில் கிணறோ, போரோ இருந்தால் அந்தத் தண்ணீரும் கெடும்.

கொடியின் அடி பக்கத்து வீட்டு மண்ணில் இருந்தால்? நம் பக்கம் தொங்குவதை மட்டும் வெட்டுவதில் பயனில்லை. சத்தம் போடவும் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "இதோ பாருங்க, உங்க மரத்துக்கும்தான் பாரம்" என்று காட்டுங்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே நாளில் வெட்டினால்தான் வேலை முடியும். மதில் விஷயத்தில் மனஸ்தாபம் வந்துவிட்டால் அதை எடுப்பது சீந்திலை எடுப்பதைவிடக் கஷ்டம்.

ஒரு கொடி மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. நம் ஊர்க் கொடி, வெயிலுக்கு அஞ்சாது, பூச்சி மருந்து கேட்காது. ஆனால் அது இருக்கும் இடத்தை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பென்சில் கனத்தில் இரண்டு கணு உள்ள துண்டை ஆனி, ஆடியில் ஒரு பெரிய தொட்டியில் ஊன்றுங்கள். உயிர் மரத்தில் ஏற்றாமல், ஐந்தடி மூங்கிலோ இரும்புக் குழாயோ நட்டு அதில் சுற்றிவிடுங்கள். வேம்பில் ஏறிய சீந்திலுக்குத்தான் குணம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதற்காக மரத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை, மழைக்கு முன் ஒன்று, பொங்கலுக்குப் பின் ஒன்று, கத்தரித்துவிடுங்கள். நூல் வேர் தொட்டிக்கு வெளியே மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் பெயர் எழுதி ஒரு சீட்டுக் கட்டிவிடுவது நல்லது. நாளைக்கு மருமகளோ, பேத்தியோ வந்து "இது என்ன கொடி?" என்று கேட்டால் ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அப்படியே ஓர் இலையைக் கிள்ளிக் காட்டுங்கள். பால் வரவில்லை, இலை ஜோடியாக இல்லை, தோல் காகிதமாக உரிகிறது என்று அவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.